சிமெண்டுத் தேர்வும் கற்காரையின் வலிமையும்: இருபத்தெட்டாம் நாள் எண்ணுக்கு அப்பால்

ஆய்வுச் சுருக்கம்

கற்காரைக் கட்டடங்களின் தரம் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணால் மதிப்பிடப்படுகிறது. அது இருபத்தெட்டாம் நாளில் ஒரு கனசதுரம் தாங்கும் அமுக்க வலிமை. அந்த எண் எவ்வாறு பெறப்படுகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. உயர் அலுமினா சிமெண்டால் ஐரோப்பாவில் நேர்ந்த கூரைச் சரிவுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, விரைந்து வலிமை பெறுவதும் நெடுநாள் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பது நிறுவப்படுகிறது. இந்தியத் தரநிர்ணய விதிகளின் அடிப்படையில், தமிழகத்தில் கிடைக்கும் சிமெண்டு வகைகளின் பொருத்தமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கற்காரை, அமுக்க வலிமை, நீர்–சிமெண்டு விகிதம், உயர் அலுமினா சிமெண்டு, கலப்புச் சிமெண்டு, நீராற்றுதல், கம்பி அரிமானம்.

முன்னுரை

வீடு கட்ட முற்படும் ஒருவர் சிமெண்டுக் கடையில் கேட்கும் முதற்கேள்வி, 'ஐம்பத்து மூன்றா, நாற்பத்து மூன்றா' என்பதாகவே உள்ளது. எண் கூடினால் கட்டடம் உறுதியாகும் என்ற நம்பிக்கை அக்கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. அதே கடையில் சாம்பல் கலந்த சிமெண்டு விலை குறைவாக இருப்பின், அது தரத்திலும் குறைந்தது என்ற ஐயமும் உடன் எழுகிறது. இவ்விரு எண்ணங்களும் முற்றிலும் பிழையானவை அல்ல. ஆயினும், கட்டடத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் காரணிகளின் வரிசையில் சாக்கின்மீது அச்சிடப்பட்ட எண்ணுக்கு உரிய இடம் மக்கள் கருதுவதைவிட மிகக் கீழே உள்ளது. இதனைப் பொறியியல் படிக்காத வாசகரும் பின்தொடரும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கான்கிரீட் என மக்கள் வழங்கும் பொருளையே கற்காரை என்ற சொல் இங்குக் குறிக்கிறது.

எண்கள் குறிப்பவை

முதலில் இரு வேறு எண்களைப் பிரித்தறிதல் வேண்டும். சிமெண்டுச் சாக்கின்மீது காணப்படும் 33, 43, 53 ஆகியவை சிமெண்டின் தரத்தைக் குறிப்பன. கற்காரையின் தரத்தை அல்ல. ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு தரமணலும் சேர்த்துக் குழைத்த காரையை, ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வார்த்து, 27 பாகை செல்சியசில் நீரில் வைத்து, 28 நாட்களுக்குப் பின் நசுக்கும்போது அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தமே அந்த எண். அலகு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்பதாகும். இச்சோதனைக்கு இந்தியா முழுமைக்கும் உரிய தரமணல் சென்னைக்கு வடக்கே எண்ணூரிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே காசுமீரத்தில் விற்கும் சிமெண்டும் எண்ணூர் மணலோடு சேர்த்தே சோதிக்கப்பட்டுச் சான்று பெறுகிறது என்பது தமிழ் வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தியாகும்.

கற்காரையின் தரம் எம்-20, எம்-25, எம்-30 என்றவாறு குறிக்கப்படுகிறது. இது ஜல்லியும் மணலும் சிமெண்டும் நீரும் சேர்ந்த கலவைக்கு உரியது. 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் அளக்கப்படுவது. எம்-25 என்பதன் பொருளை எடைக்கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். அக்கனசதுரத்தின் ஒரு முகப்பின் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். அது 25 நியூட்டன் வீதம் தாங்கினால் மொத்தச் சுமை 5,62,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 57 டன். இரு கைகளால் தூக்கக்கூடிய ஒரு கல் இவ்வளவு சுமையைத் தாங்கிய பின்னரே நொறுங்க வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. எம்-25 என்றால் எல்லாக் கனசதுரமும் 25-ஐத் தொடும் என்பதன்று. நூற்றுக்கு ஐந்துக்கு மிகாத மாதிரிகளே அந்த அளவுக்குக் கீழே விழலாம் என்பதுதான் விதி. மனிதக் கைகளும் பொறிகளும் சேர்த்துக் கலக்கும் பொருளில் ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது. எனவே ஐ.எஸ். 10262 விதிப்படி கலவையை வடிவமைப்பவர், எம்-25 வேண்டுமாயின் சராசரியாக 31.6 நியூட்டன் கிடைக்கும் கலவையை இலக்காகக் கொள்கிறார். இடைப்பட்ட 6.6 நியூட்டன் ஆடம்பரமன்று. களத்தில் நேரும் ஏற்றத்தாழ்வுக்கான ஒதுக்கீடு. சிறு வீட்டுப் பணிகளில் 'ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று' என்று சட்டிக் கணக்கில் கலக்கும்போது இந்த ஒதுக்கீட்டைப் பற்றி எவரும் நினைப்பதில்லை.

நீரின் அளவு

சிகாகோ நகரில் டஃப் ஆப்ராம்ஸ் என்னும் ஆய்வாளர் 1918-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இன்றும் இத்துறையின் அடித்தளமாக விளங்குகிறது. பயன்படுத்தும் பொருட்கள் ஒன்றாயின், நன்கு இறுகிய கற்காரையின் வலிமையை நிர்ணயிப்பது நீருக்கும் சிமெண்டுக்கும் இடையிலான எடை விகிதமே என்பது அம்முடிவு. சிமெண்டு முழுமையாக நீரேற்றம் அடைய அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு நீர் போதும். அதற்கு மேல் ஊற்றப்படுவது அனைத்தும் கலவை இளகி ஓடுவதற்கு மட்டுமே உதவுகிறது. பின்னர் அது ஆவியாகி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வலிமையைக் குறைப்பதும், உப்பும் காற்றும் உள்ளே செல்ல வழி திறப்பதும் அத்துளைகளே.

ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. விகிதம் 0.5 எனில் 25 லிட்டர் நீர் தேவை. கலவை கெட்டியாக உள்ளது, வாளியிலிருந்து இறங்கவில்லை என்று கூறி மேலும் ஐந்து லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.6 ஆகிறது, வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இழப்பு நேரலாம். சாக்கில் 53 என்றிருந்தாலும் 43 என்றிருந்தாலும் இந்த இழப்பு நேரும். மணலில் ஒளிந்திருக்கும் நீரையும் இங்குக் கருத வேண்டும். ஒரு மூட்டைக் கலவைக்குச் சேரும் எண்பது கிலோ மணல் மழைக்காலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் கொண்டிருந்தால், நான்கு லிட்டர் நீர் எவரும் ஊற்றாமலே கலவைக்குள் வந்துவிடுகிறது. கல்லுடைப்பு ஆலையின் தூளை எம்-சாண்ட் என்ற பெயரில் வாங்கினால் சிக்கல் வேறுவகையில் எழும். மிகையான நுண்தூள் நீரை உறிஞ்சுவதால் கொத்தனார் மேலும் நீர் கேட்பார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. மணலின் தரத்தை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. கிடைத்த மணலில் வேலை முடிய வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி.

மறுமுனையில், நீரை மட்டும் குறைத்து, வைப்ரேட்டர் கொண்டு நன்கு அதிர்க்காமல் விடுவதும் கேடே. கற்காரையினுள் நூற்றுக்கு ஐந்து பங்கு காற்றிடம் தங்கினால் வலிமையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும்.

விரைந்து இறுகிய ஒரு சிமெண்டின் வரலாறு

தொடக்க வலிமையே பாதுகாப்பு என்னும் கருத்தை உலக அளவில் உடைத்த நிகழ்வுகள் இங்கிலாந்தில் நேர்ந்தன. 1973 சூனில் இலண்டன் மாநகரின் கேம்டன் மகளிர் பள்ளியின் மண்டபக் கூரை இடிந்து விழுந்தது. 1974 பிப்ரவரியில் அதே நகரின் ஸ்டெப்னி பகுதியிலுள்ள சர் ஜான் காஸ் பள்ளியில் நீச்சற்குளத்துக் கூரையின் உத்தரங்கள் முறிந்தன. இரண்டிலும் உயிரிழப்பு இல்லை. ஆனால் இரண்டும் பள்ளிகள். குழந்தைகள் நாள்தோறும் கூடும் இடங்கள். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கட்டடங்களைச் சோதிக்க வேண்டிய நிலையை அவ்விரு சரிவுகளும் உருவாக்கின.

இரு கூரைகளிலும் பயன்பட்டது உயர் அலுமினா சிமெண்டு. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுட்டுப் பெறும் போர்ட்லேண்டு சிமெண்டிலிருந்து இது வேறுபட்டது. சுண்ணாம்புக்கல்லையும் பாக்சைட்டையும் உருக்கிப் பெறப்படுவது. பிரான்சு நாட்டின் லஃபார்ஜ் நிறுவனத்தில் ஜூல் பியே என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை உருவாக்கியபோது நோக்கம் வேறாக இருந்தது. சல்பேட்டு உப்பு நிறைந்த மண்ணில் போர்ட்லேண்டு சிமெண்டு சிதைவதைத் தவிர்க்கவே இது தேடப்பட்டது. ஆனால் இதன் மற்றொரு பண்பு தொழிலுலகைக் கவர்ந்தது. ஒரே நாளில் தன் வலிமையின் பெரும்பகுதியை, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை, இது அடைந்துவிடும். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பள்ளிகளும் வீடுகளும் விரைந்து தேவைப்பட்டன. முன்தகைவுற்ற உத்தரங்களை வார்க்கும் ஆலைகள், இன்று வார்த்ததை நாளை அச்சிலிருந்து எடுத்து, அதே அச்சில் மறுநாள் மீண்டும் வார்த்தன. கனசதுரச் சோதனையில் அவ்வுத்தரங்கள் மிக உயர்ந்த எண்களைக் காட்டின. அன்று எவரும் ஏமாற்றவில்லை, எண்கள் உண்மையானவையே.

குறை வேதிவினையில் இருந்தது. இச்சிமெண்டு நீருடன் சேர்ந்து முதலில் உண்டாக்கும் அறுகோணப் படிகங்கள் நிலையற்றவை. காலப்போக்கில் அவை அடர்த்தி மிகுந்த கனசதுரப் படிகங்களாக மாறுகின்றன. அம்மாற்றத்தின்போது நீர் வெளியேறுகிறது. அடர்ந்த படிகம் குறைந்த இடத்தையே கொள்வதால், எஞ்சிய இடம் நுண்துளையாகிறது. விளைவாகக் கற்காரை உள்ளிருந்தே வலிமை இழக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் இம்மாற்றம் விரைவுபடும். நீச்சற்குளத்தின் மேற்கூரை இவ்விரண்டும் ஒருங்கே கூடிய இடம். ஸ்டெப்னியில், வலுவிழந்து துளைகள் மிகுந்த உத்தரங்களைச் சாந்துப்பூச்சிலிருந்து வந்த சல்பேட்டும் தாக்கியது. எதனைத் தாங்கும் என்று இச்சிமெண்டு உருவாக்கப்பட்டதோ அதுவே இறுதியில் அதனை அழித்தது. கேம்டனில் உத்தரத்தின் முனைகள் சுவரின்மீது மிகக் குறுகிய அகலத்திலேயே அமர்ந்திருந்ததும் முதன்மைக் காரணமாக அறியப்பட்டது. கட்டடம் ஒரே குறையால் விழுவது அரிது. இரு குறைகள் சந்திக்கும் இடத்திலேயே பெரும்பாலும் விழுகிறது.

இந்த ஆபத்து முன்னரே அறியப்படாததன்று. ஜெர்மனி 1962-இலேயே இச்சிமெண்டைக் கட்டுமானத்தில் தடைசெய்திருந்தது. இங்கிலாந்து நம்பியது, நீர்–சிமெண்டு விகிதத்தை 0.4-க்குள் வைத்தால் மாற்றத்திற்குப் பின்னரும் போதிய வலிமை எஞ்சும் என்பதையே. ஆய்வகத்தில் அது மெய். ஆலைகளில் அந்த விகிதம் எப்போதும் காக்கப்பட்டது என்பதற்கு உறுதி இல்லை. தேர்ந்த மேற்பார்வையை மட்டுமே நம்பி ஒரு பொருளைப் பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எசுப்பானியாவில் இப்பாடம் மேலும் தாமதமாகக் கிடைத்தது. 1990 நவம்பரில் பார்சிலோனா நகரின் டூரோ டெ லா பெய்ரா குடியிருப்புப் பகுதியில் ஒரு கட்டடத்தின் தளங்கள் சரிந்து ஒரு பெண் உயிரிழந்தார். அதன்பின் 'அலுமினோசிஸ்' என்னும் சொல் அந்நாட்டில் நோயின் பெயர்போல மக்கள் வழக்கில் கலந்தது.

இந்தியாவில் இச்சிமெண்டு இன்று உலைகளின் உட்பூச்சு போன்ற உயர்வெப்பப் பணிகளுக்கே பயன்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெப்பமும் ஈரமும் கூடிய சென்னை போன்ற கடற்கரை நகரில் இதனை உத்தரத்திற்குப் பயன்படுத்தினால், இலண்டனில் ஆண்டுகள் எடுத்துக்கொண்ட மாற்றம் மிக விரைந்து நிகழும்.

நம் சந்தையில் உள்ள சிமெண்டுகள்

போர்ட்லேண்டு சிமெண்டுக்கு மேற்சொன்ன படிக மாற்றக் குறை இல்லை. நீர் கிடைக்கும்வரை அது ஆண்டுக்கணக்கில் வலிமை கூடிக்கொண்டே செல்லும். ஆயினும் விரைவின் விலையை இங்கும் ஓரளவு காணலாம். 53 தரச் சிமெண்டு, முதல் நாட்களில் மிகுந்து வினைபுரியும் முக்கால்சியம் சிலிக்கேட்டை அதிகம் கொண்டது. பெரும்பாலும் நுண்ணியதாக அரைக்கப்படுவது. ஆகவே வலிமை விரைவில் வருகிறது. வெப்பமும் விரைவில் வெளிப்படுகிறது. தடித்த அடித்தளத்திலும் கோடைக்காலத் தளத்திலும் அந்த வெப்பம் வெடிப்புகளுக்கு வழிகோலும். முன்தகைவு உத்தரங்கள், உயர்ந்த தூண்கள், முன்வார்ப்பு ஆலைகள் ஆகியவற்றுக்கு அது ஏற்றது. இரண்டு மாடி வீட்டின் எம்-20 அல்லது எம்-25 கற்காரைக்கு அது தேவைப்படுவதில்லை. பூச்சுவேலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

சாம்பல் கலந்த சிமெண்டை மக்கள் ஐயுறுவதற்குக் காரணம் 'கழிவு' என்ற சொல். அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் கழிவாகப் பிறந்தாலும், சிமெண்டுக்குள் அது வெறும் நிரப்பியாக இருப்பதில்லை. சிமெண்டு நீரேறும்போது கால்சியம் ஐதராக்சைடு என்னும் சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அது வலிமை தருவதில்லை. எளிதில் கரையவும் செய்யும். சாம்பலிலுள்ள சிலிக்கா அச்சுண்ணாம்புடன் மெல்லச் சேர்ந்து, சிமெண்டு தரும் பசைப்பொருளையே மேலும் உண்டாக்கித் துளைகளை அடைக்கிறது. நம் முன்னோர் சுண்ணாம்புடன் செங்கற்பொடியான சுர்க்கியைச் சேர்த்ததன் அறிவியலும் இதுவே. 1895-இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் எழுந்தது. ஐ.எஸ். 1489 விதி நூற்றுக்கு 15 முதல் 35 வரை சாம்பலை அனுமதிக்கிறது. இருபத்தெட்டாம் நாள் வலிமை குறைந்தது 33 இருக்க வேண்டும் என்கிறது. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் அதனினும் கூடுதல் வலிமையே தருகின்றன. இரும்பு உலைக்கசடு கலந்த சிமெண்டு இதே வகையினது. கடல்நீரும் உப்புநீரும் தொடும் அடித்தளங்களுக்கு மிகவும் உகந்தது.

களத்தில் அடிக்கடி நேரும் ஒரு தவறான தேர்வைச் சுட்டுவது இங்குப் பொருந்தும். கடலோரம் என்றவுடன் 'உப்பு உள்ளது, எனவே சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டு வேண்டும்' எனச் சிலர் முடிவு செய்கின்றனர். கம்பியை அழிப்பது சல்பேட்டு அன்று, குளோரைடு. குளோரைடில் ஒரு பகுதியைப் பிணைத்து வைக்கும் ஆற்றல் சிமெண்டிலுள்ள முக்கால்சியம் அலுமினேட்டுக்கு உண்டு. சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டில் அச்சேர்மமே 5 விழுக்காட்டுக்குள் குறைக்கப்படுகிறது. ஆகவே கம்பி பொதிந்த கடலோரக் கற்காரைக்கு அது துணையாவதைவிடத் தீங்காகும் வாய்ப்பே மிகுதி. கசடு கலந்ததோ சாம்பல் கலந்ததோ ஆன சிமெண்டே அங்கு ஏற்றது.

எவ்வகையாயினும் பழைய சிமெண்டு வேண்டா. ஈரக்காற்றில் மூன்று மாதம் கிடந்த மூட்டை தன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும்.

முட்டுகளை அகற்றும் நாள்

கலப்புச் சிமெண்டின் மெய்யான குறை ஒன்று உண்டு. அதைப் பேசாமல் அதன் சிறப்புகளை மட்டும் உரைப்பது முறையாகாது. அது மெல்லவே வலிமை பெறுகிறது. 53 தரச் சிமெண்டு மூன்றாம் நாளில் குறைந்தது 27 நியூட்டன் காட்ட வேண்டும் என்னும் விதி, சாம்பல் கலந்த சிமெண்டிடம் 16 மட்டுமே எதிர்பார்க்கிறது. ஐ.எஸ். 456 விதிநூல், சாதாரணப் போர்ட்லேண்டு சிமெண்டைக் கருத்திற்கொண்டு, 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளை ஏழு நாட்களுக்குப் பின்னும், அதற்கு மேற்பட்டவற்றைப் பதினான்கு நாட்களுக்குப் பின்னும், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரங்களின் முட்டுகளை இருபத்தொரு நாட்களுக்குப் பின்னுமே அகற்றலாம் என்கிறது. வேறு சிமெண்டாயின் இந்நாட்களை ஏற்றவாறு மாற்ற வேண்டும். செண்டரிங் பலகைகளுக்கு நாள்வாடகை ஓடிக்கொண்டிருக்கும் களத்தில் இந்த ஒரு வாக்கியமே அதிகம் மீறப்படுவது.

இதன் தீவிரம் ஒரு சிறு கணக்கில் புலப்படும். 125 மில்லிமீட்டர் தடிமனுள்ள புதிய தளத்தின் ஈரக்கற்காரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.1 கிலோநியூட்டன் எடையுள்ளது. குடியிருப்புத் தளம் ஒன்று, தன் சொந்த எடையும் பூச்சும் நீங்கலாக, தாங்க வேண்டிய புழங்குசுமை விதிப்படி 2 கிலோநியூட்டன் மட்டுமே. மேல்தளம் வார்க்கும் நாளில் அதன் முழு எடையும், பலகையும், ஆட்களும் முட்டுகள் வழியாகக் கீழ்த்தளத்தின்மீது இறங்குகின்றன. கீழ்த்தளத்திற்கு அடியிலுள்ள முட்டுகள் அதற்குள் அகற்றப்பட்டிருந்தால், அத்தளம் தன் வாழ்நாளில் சந்திக்கும் மிகப் பெரிய சுமையைத் தன் இளமையிலேயே, வலிமை முழுமையுறா நிலையில், தனித்துத் தாங்குகிறது. கட்டுமானத்தின்போதே தளங்கள் சரியும் விபத்துகள் பலவற்றின் பின்னணி இதுதான். கீழே வேலை செய்துகொண்டிருக்கும் சித்தாள்களே அதில் முதலில் பலியாகின்றனர்.

களத்தில் கியூரிங் எனப்படும் நீராற்றுதலும் இதனோடு இணைந்தது. சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாள் என்பது விதி. வறண்ட வெப்பக் காலத்தில் இவை முறையே பத்தும் பதினான்கும் ஆகும். தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் நன்றாகவே உள்ளது. தூண்கள்தாம் கைவிடப்படுகின்றன. அவற்றைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டி, காலையில் ஒருமுறை நனைத்து, நண்பகலுக்குள் உலரவிட்டால் சாம்பல் வினைபுரிய நீர் இராது. கட்டடத்தில் அதிகச் சுமை தாங்கும் உறுப்பு தூண். குறைந்த நீர் பெறுவதும் அதுவே.

பாதுகாப்புக் காரணிகள் மறைப்பவை

இவ்வளவு பிழைகள் நேர்ந்தும் கட்டடங்கள் ஏன் பெரும்பாலும் நிற்கின்றன என்ற வினா எழுவது இயல்பு. விடை வடிவமைப்புக் காரணிகளில் உள்ளது. கட்டடத்தினுள் உள்ள கற்காரை, கனசதுரம் காட்டிய வலிமையில் 0.67 பங்கையே தரும் எனக் கொள்ளப்படுகிறது. அதனை மேலும் 1.5-ஆல் வகுக்கின்றனர். எம்-25 கற்காரைக்கு இவ்வாறு எஞ்சுவது 11.2 நியூட்டன். சுமையையோ 1.5 மடங்காகப் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். எனவே அன்றாடச் சுமையில் கற்காரை உணரும் அழுத்தம் ஏறத்தாழ 7.4 மட்டுமே.

இப்போது அக்கற்காரை 25-க்கு மாறாக 15 ஆக அமைந்துவிட்டது எனக் கொள்வோம். கட்டடத்தினுள் அதன் வலிமை 15-இல் 0.67 பங்கு, அதாவது 10. அன்றாட அழுத்தமான 7.4-ஐவிட அது மிகுதி. ஆகவே கட்டடம் நிற்கிறது, வண்ணம் பூசப்படுகிறது, புதுமனை புகுவிழா நடக்கிறது. ஆனால் முன்பு 2.25 மடங்காக இருந்த காப்பு இப்போது 1.35 ஆகச் சுருங்கிவிட்டது. பின்னாளில் ஒரு மாடி ஏற்றினாலோ, நிலம் அதிர்ந்தாலோ, கம்பி துருப்பிடித்தாலோ தாங்க வேண்டிய சேமிப்பு முன்னரே செலவாகிவிட்டது. 'முப்பது ஆண்டாக நிற்கிறதே' என்பது இதனால்தான் வலிமைக்குச் சான்றாகாது. கம்பியும் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவதால் மெய்க்கணக்கு இதனினும் சிக்கலானது. ஆயினும் திசை இதுவே.

கம்பியும் கடற்காற்றும்

நம் கடற்கரை ஊர்களில் கற்காரை நசுங்கி வீழ்ந்த கட்டடங்கள் சில. கம்பி துருப்பிடித்துச் சிதைந்தவை பல. நல்ல கற்காரையின் காரத்தன்மை 12.5-க்கு மேற்பட்டது. அச்சூழலில் கம்பியின்மீது மெல்லிய காப்புப்படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு துளைகள் வழியே நுழைந்து சுண்ணாம்பை மாற்றும்போது காரத்தன்மை 9-க்கும் கீழ் இறங்கிப் படலம் அழிகிறது. குளோரைடோ காரத்தன்மை குறையாதபோதே படலத்தை ஊசிபோல் துளைக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கொள்வதால் கற்காரை உள்ளிருந்து பிளக்கிறது. கூரையின் அடியில் நீள்வெடிப்பு தோன்றி, பூச்சு உதிர்ந்து, பழுப்புக் கம்பி தெரிவது இதன் இறுதிக் கட்டம்.

இதற்கு எதிரான முதல் அரண், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே விடப்படும் கற்காரைப் போர்வை. கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்ட கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 எம்-30 கற்காரையும், 0.45-க்கு மிகாத நீர்–சிமெண்டு விகிதமும், 45 மில்லிமீட்டர் போர்வையும் கேட்கிறது. அலைத்திவலை படும் இடத்துக்கு எம்-35-உம் 50 மில்லிமீட்டரும். உள்நாட்டு வீட்டுக்குரிய 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்குகளை அப்படியே கடலோரத்திலும் வைப்பது, ஒரு ரூபாய்ப் பொருளில் சேமித்து ஒரு தலைமுறை ஆயுளை இழப்பதாகும். வலிமைக்காக எம்-20 போதும் என்று கணக்கு காட்டினாலும், நீடிப்புக்காக எம்-30 வேண்டும் என்பது இவ்விதியின் உட்பொருள்.

நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தை அளத்தல்

கனசதுரம் தவறினாலோ கட்டடம் ஐயத்துக்கு உள்ளானாலோ செய்யத்தக்க சோதனைகள் பல. எளிதானது மீளெழு சுத்தியல். பரப்பில் மோதித் திரும்பும் அளவைக் கொண்டு கடினத்தைச் சொல்வது. இதில் ஒரு கண்ணி உண்டு. கரியமில வாயு ஊடுருவிய பரப்பு கடினப்படுவதால், முதுமையுற்ற கற்காரை இளங்கற்காரையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். சுத்தியல் எண்ணை மட்டும் தாங்கிய அறிக்கையை ஏற்பது அறிவுடைமையாகாது. பினால்ப்தலின் கரைசலை உடைத்த பரப்பில் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டிவிட்டதா என்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். செலவு மிகக் குறைந்த இச்சோதனை ஏனோ போதிய அளவு வழக்கில் இல்லை.

வலிமையை நேரே அறிய, கட்டடத்திலிருந்து உருளை வடிவில் மாதிரியைக் குடைந்து எடுக்க வேண்டும். அம்மாதிரிகளின் சராசரி, கனசதுரத்துக்கு உரிய வலிமையில் 85 விழுக்காடும், எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் விதிநூல் அதனை ஏற்கிறது. அதிலும் ஐயம் எஞ்சினால் சுமைச்சோதனை உள்ளது. நிலைச்சுமையுடன் புழங்குசுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி நீக்க வேண்டும். அடுத்த 24 மணி நேரத்தில் தளம் தன் வளைவில் நூற்றுக்கு 75 பங்கு மீளாவிடில், 72 மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போது 80 பங்கு மீள வேண்டும். மீளாத தளம் ஏற்கத்தக்கதன்று. வளையும் உறுப்புகளான தளத்துக்கும் உத்தரத்துக்கும் உரிய இச்சோதனையைத் தூணுக்குச் செய்ய இயலாது. தூணின் நிலையை அறியக் குடைந்தெடுத்த மாதிரியும், கம்பியின் அளவும், அடுக்குமாடியின் மொத்தச் சுமையை மறுபடி கணக்கிடுதலுமே வழி.